வெளிநாட்டு ஸ்கூலோட வீடியோ கால் பேசினா பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வந்துடுமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இங்கிலீஷ் எடுக்குறேன். போன வருஷம் தெரிஞ்சவங்க மூலமா ஜெர்மனியில ஒரு ஸ்கூலோட வீடியோ கால் ஏற்பாடு பண்ணோம். ஹைடெக் லேப்ல எல்லாரையும் உக்கார வச்சோம். பிள்ளைங்க ஹாய் சொன்னாங்க, ஹவ் ஆர் யூ சொன்னாங்க, அதுக்கு மேல பேச்சே வரல. நல்லா பேசுற ரெண்டு பொண்ணுங்கதான் கடைசி வரைக்கும் சமாளிச்சாங்க. இந்த வருஷமும் ஏதாவது இன்டர்நேஷனல் ப்ராஜெக்ட் பண்ணுங்கன்னு எச்.எம். சொல்றாங்க. இதுனால நிஜமாவே இங்கிலீஷ் வளருமா, இல்ல போட்டோவோட முடிஞ்சிடுமா? எந்த ஆப் நல்லது? சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தல, இதை எங்க நுழைக்கிறது?

பதில்: வணக்கம் டீச்சர். முதல் கேள்விக்கு நேராவே சொல்லிடறேன். வளரும், நிச்சயமா வளரும், ஆனா அந்த நாப்பது நிமிஷ காலுக்குள்ள வளராது. அதுக்கு முன்னாடி மூணு வாரமும் பின்னாடி மூணு வாரமும் பிள்ளைங்க என்ன எழுதுறாங்க, எதுக்காக எழுதுறாங்கங்கிறதுலதான் எல்லாம் இருக்கு.

அன்னைக்கு உங்க பிள்ளைங்க வாய் திறக்காததுக்கு இங்கிலீஷ் தெரியாதது மட்டும் காரணம் இல்லைங்க. அதே நாப்பது பேரை முன்பின் தெரியாத இன்னொரு நாப்பது தமிழ்ப் பிள்ளைங்க முன்னாடி உக்கார வச்சு "பேசுங்கப்பா"ன்னு சொல்லிப் பாருங்க, பேரு என்ன, சாப்டீங்களாவோட நின்னுடும். ஏன்னா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்னு அங்க எதுவுமே இல்ல. கேக்குறதுக்கு ஒரு காரணம் இல்லாம எந்த மொழியிலயும் பேச்சு ஓடாது.

இந்தக் காரணத்தை உண்டாக்கிக் கொடுக்கிறதுதான் ப்ராஜெக்ட்டோட வேலை. எப்படின்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன், ஏன்னா இதைப் பொதுவா சொன்னா யாருக்கும் பயன் இல்ல. "மை ஸ்கூல் லஞ்ச்"னு எழுதச் சொன்னா உங்க கிளாஸ்ல முக்கால்வாசி நோட்டுல என்ன வரும்? வீ ஈட் சாம்பார் ரைஸ், இட் இஸ் வெரி டேஸ்ட்டி, ஐ லைக் இட் வெரி மச். மூணு வரி. நீங்களும் சிவப்பு இங்க்ல டிக் போட்டுட்டு அடுத்த நோட்டை எடுப்பீங்க, ஏன்னா உங்களுக்குத்தான் எல்லாம் ஏற்கனவே தெரியுமே, அந்தப் பையன் வேற யாருக்காக விளக்கணும்? இப்போ அதே மூணு வரியை ஜப்பான்ல ஒரு கிளாஸ் படிக்குதுன்னு வைங்க. அங்க நிறைய ஸ்கூல்கள்ல பிள்ளைங்களே முறை வச்சு வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கிட்டு சாப்பாட்டைக் கொண்டு வந்து பரிமாறுவாங்க, டீச்சரும் கிளாஸ்லயே அவங்களோட உக்காந்து சாப்பிடுவாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு நம்ம மூணு வரியைப் பார்த்தா கேள்விதான் வரும். யார் சமைக்கிறா? காசு கொடுக்கணுமா? எங்க உக்காருவீங்க? ஸ்பூன் உண்டா? முட்டை எல்லாருக்கும் உண்டா? தட்டை யார் கழுவுறா?

அந்தக் கேள்வி மெயில்ல வந்து இறங்குன அன்னைக்கு உங்க கிளாஸைப் பாருங்க. மூணு வரி எழுதுன அதே பையன் இப்போ "யாரும் காசு கொடுக்கிறதில்ல, அரசாங்கம் கொடுக்குது, வராண்டாவுல வரிசையா தரையில உக்காருவோம், முட்டை சாப்பிடாதவங்களுக்கு வாழைப்பழம் தருவாங்க"ன்னு சொல்ல வேண்டியிருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல, அதுவும் இதை வாழ்க்கையில பார்த்தே இராத ஒருத்தருக்குப் புரியுற மாதிரி. நோபடி பேஸ் எப்படி வரும், தோஸ் ஹூ டோன்ட் ஈட் எப்படி வரும், ஈஸ் குக்ட் பை எப்படி வரும்னு அவனே வந்து உங்ககிட்ட கேப்பான். பாஸிவ் வாய்ஸை போர்டுல எழுதிப் போட்டு நாம ஒரு வாரம் மல்லுக்கட்டுறோம்ல, அது இங்க தேவையோட வந்து நிக்குது. இது எப்ப இருந்து இருக்குன்னு அங்கேருந்து ஒரு கேள்வி வந்துட்டா இன்னும் நல்லது, பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேப்பான், ஆச்சி காமராஜர் காலத்து மதிய உணவைப் பத்திச் சொல்வாங்க, அப்பாவோ அம்மாவோ 1982-ல எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்ததைச் சொல்வாங்க, இறந்த காலத்துக்கு அதைவிட நல்ல பாடம் எந்த புக்ல இருக்கு சொல்லுங்க.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்புறம் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 1920-கள்லயே பிரான்ஸ்ல செலஸ்தேன் ஃப்ரெனேன்னு ஒரு கிராமத்து வாத்தியார், முதல் உலகப் போர்ல அடிபட்டு நுரையீரல் கெட்டுப்போனவர், ரொம்ப நேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. அவர் கிளாஸுக்குள்ள ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்து வச்சார். பிள்ளைங்க சொந்தமா எழுதினதை அவங்களே எழுத்துக் கோத்து அச்சடிச்சு, தெற்குக் கோடியில இருந்து நாட்டோட இன்னொரு மூலையில பிரிட்டனிப் பக்கம் இருந்த ஒரு ஸ்கூலுக்கு அனுப்பினாங்க, அங்கேருந்தும் வந்துச்சு. அப்புறம் 1988-ல, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைச்சுக்கிட்டு இருந்த காலத்துல, நியூயார்க் மாநிலத்து ஸ்கூல்களையும் மாஸ்கோ ஸ்கூல்களையும் கம்ப்யூட்டர் வழியா இணைச்சு ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க, அதுதான் வளர்ந்து இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல இருக்கிற ஐஎர்ன் (iEARN)ங்கிற ஸ்கூல்கள் நெட்வொர்க். அச்சு இயந்திரம் போய் மெயில் வந்துச்சு, நமக்குத் தெரியாத ஒருத்தர் நம்ம எழுத்துக்காகக் காத்திருக்காருங்கிற அந்த ஒண்ணு மாறவே இல்ல.

இப்போ பார்ட்னர் யாருங்கிறதுக்கு வருவோம், இதுல நான் கொஞ்சம் பிடிவாதமான ஆளு. லண்டனோ அமெரிக்காவோ தேடாதீங்க. இங்கிலீஷைத் தாய்மொழியா பேசுற பிள்ளை வேகமா பேசும், நம்ம பிள்ளை தப்பு வந்துடுமோன்னு பயந்து ஒடுங்கிடும். ஜப்பான், தைவான், துருக்கி, போலந்து, ஜெர்மனி மாதிரி அவங்களும் ஸ்கூல்ல இங்கிலீஷைக் கத்துக்கிட்டு இருக்கிற நாடா தேடுங்க. ஜப்பான்ல 2020-லதான் அஞ்சாம் வகுப்புலயே இங்கிலீஷ் முறையான பாடமா வந்துச்சு, அதனால அங்க எட்டாவதுக்குச் சமமான கிளாஸ் எடுத்தா நம்ம பிள்ளைங்களுக்கு எட்டாத உயரத்துல இருக்காது. எதிர்ப்பக்கமும் தடுமாறுதுன்னு பார்த்ததும் நம்ம பிள்ளைங்க முகத்துல வர்ற தைரியம் இருக்கே, அதை நான் நிறைய கிளாஸ்ல பார்த்திருக்கேன்.

நேரக் கணக்கும் இதோட சேர்ந்ததுதான். தைவான் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, ஜப்பான் மூணரை மணி நேரம் முன்னாடி. நமக்குக் காலையில பதினொரு மணின்னா தைவான்ல ஒன்றரை, ஜப்பான்ல ரெண்டரை, ரெண்டு பக்கமும் ஸ்கூல் நடந்துக்கிட்டு இருக்கும். ஐரோப்பான்னா நம்ம மதியத்துக்கு மேல, ஜெர்மனி குளிர்காலத்துல நாலரை மணி நேரம் பின்னாடி, கோடையில மூணரை. மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையும் அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமையும் அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அந்த வாரத்துல கால் வச்சீங்கன்னா ஒரு பக்கம் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கும். அமெரிக்காவுல கிழக்குப் பக்கமே ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம், ஸ்கூல் நேரத்துல நேரடியா பேச வழியே இல்ல.

எங்க தேடுறதுன்னா, ஐஎர்ன்ல இந்தியாவும் இருக்கு, அங்க ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கிற ப்ராஜெக்ட்ல சேர்றது புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறதைவிட ஈஸி. டெடி பேர் ப்ராஜெக்ட்னு ஒண்ணு உண்டு, ஒரு பொம்மையைப் போஸ்ட்ல பார்ட்னர் ஸ்கூலுக்கு அனுப்பணும், அந்தப் பொம்மை அங்க பார்த்ததை எல்லாம் அதுவே டைரி எழுதுற மாதிரி பிள்ளைங்க எழுதி அனுப்புவாங்க. ஆறாவது, ஏழாவதுக்கு அருமையா இருக்கும், கூச்சப்படுற பிள்ளைகூட பொம்மை பேருல தாராளமா எழுதும். பார்சல் செலவை மட்டும் முன்னாடியே போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுக்குங்க. நெட்ல தேடுனா ஸ்கூல்களை ஜோடி சேர்க்கிற ஈட்வின்னிங் (eTwinning)னு ஒண்ணு அடிக்கடி கண்ணுல படும், 2005-ல ஐரோப்பிய ஆணையம் ஆரம்பிச்சது, அது ஐரோப்பாவுக்கும் அதை ஒட்டின சில நாடுகளுக்கும்தான், இந்தியாவுல இருந்து சேர முடியாது, அதுல பதிவு பண்ணப் பார்த்து நேரத்தை விடாதீங்க. ஆனா அவங்க முறையில இருந்து ஒண்ணை எடுத்துக்கலாம். ரெண்டு நாட்டுப் பிள்ளைங்களையும் கலந்து குழு பிரிக்கிறது. நம்ம நாலு பேர், அவங்க நாலு பேர், எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே ஒரு பொருளை முடிக்கணும், ஒரு சின்ன சமையல் புக்கோ, ரெண்டு ஸ்கூலோட சாப்பாட்டு நேரத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்ச ஸ்லைடோ. நீங்க ஒண்ணு பண்ணி அனுப்பி, அவங்க ஒண்ணு பண்ணி அனுப்பி, ரெண்டும் நல்லா இருக்குன்னு கைதட்டிட்டுப் போறதுல மொழிக்கு வேலையே கிடையாது.

கால் வேணாம்னு சொல்ல வரலைங்க. அதை விளையாட்டா மாத்துங்க. வெளிநாட்டு டீச்சர்ங்க ரொம்ப நாளா பண்றது, மிஸ்டரி கால்னு சொல்வாங்க. எதிர்ப்பக்கம் எந்த நாடுன்னு டீச்சருக்கு மட்டும் தெரியும், பிள்ளைங்க எஸ் ஆர் நோ கேள்வி மட்டுமே கேட்டுக் கண்டுபிடிக்கணும். ஆர் யூ நார்த் ஆஃப் தி ஈக்வேட்டர்? டஸ் யுவர் கன்ட்ரி ஹேவ் எ சீ கோஸ்ட்? ஆர் யூ ஆன் ஐலண்ட்? ஒவ்வொரு பதிலுக்கும் அட்லஸ்ல பொருந்தாத பகுதியை அடிச்சு விலக்கணும். நாப்பது பேருக்கும் வேலை இருக்கும். ஆறு பேர் கேள்வி கேக்குறவங்க, ஆறு பேர் பதில் சொல்றவங்க, ஒரு பெரிய கூட்டம் அட்லஸ்ல, ரெண்டு பேர் ஒவ்வொரு கேள்வி பதிலையும் நோட்டுல எழுதுறவங்க, ஒருத்தர் நேரம் பார்க்கிறவர். பேசவே மாட்டேங்கிற பையனை அட்லஸ் குழுவுக்குத் தலைவராக்கிப் பாருங்க, அவன் சொன்னாத்தான் அடுத்த கேள்வியே தயாராகும்னா அவன் எப்படிப் பேசாம இருப்பான். டூ, டஸ், ஆர், ஈஸ் வச்சு கேள்வி அமைக்கிறதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. முந்தின வாரமே கேள்விகளை எழுதி, ஜோடி ஜோடியா கிளாஸ்லயே ஒரு தடவை விளையாடிப் பார்த்துடணும். கால் இருபத்தஞ்சு நிமிஷம் போதும். ஒரு எச்சரிக்கை, இந்த விளையாட்டை கடிதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வச்சுடணும், நாடு தெரிஞ்சப்புறம் விளையாட முடியாதுல்ல. போன வருஷத்து ஜெர்மன் ஸ்கூலோடயே தொடர்ந்தீங்கன்னா நாட்டுக்குப் பதிலா சத்துணவுல இன்னைக்கு என்ன, அவங்க சாப்பாட்டு டப்பாவுல என்னன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க.

ஆப் எதுன்னு கேட்டீங்க. நான் எந்த ஆப் பேரையும் தலையில தூக்கி வைக்க மாட்டேன். ரொம்ப வருஷம் எல்லா ஸ்கூலும் ஸ்கைப்ல இதைப் பண்ணாங்க, 2025 மே மாசம் ஸ்கைப்பையே மூடிட்டாங்க. பிள்ளைங்க குட்டிக் குட்டி வீடியோ பதில் போட ஃப்ளிப்னு ஒண்ணு இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, 2024-ல அதையும் தனி ஆப்பா நிறுத்திட்டாங்க. அதனால ரெண்டு பக்கத்துலயும் ஏற்கனவே இருக்கிறதை வச்சுப் பண்ணுங்க. டீச்சரோட ஒரு மெயில், ஒரு வீடியோ கால், ரெண்டு ஸ்கூலும் திறக்கக்கூடிய ஒரு பொது ஸ்லைடு ஃபைல், உங்க போன்ல இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர். ஐரோப்பாவுல சில ஸ்கூல்கள்ல சில ஆப்புக்கு அனுமதி இருக்காது, எது திறக்கும்னு முதல் மெயில்லயே கேட்டுடுங்க.

இதுல வாய்ஸ் ரெக்கார்டரை யாரும் மதிக்கிறதில்ல, எனக்கு அதுதான் முதல் இடம். ஒரு பிள்ளை அம்பது வினாடி பேசி பார்ட்னர் கிளாஸுக்கு அனுப்பணும். லேப்ல வேணாம், சத்தம் இல்லாத வராண்டா மூலையோ ஸ்டாஃப் ரூமோ போதும். முதல் தடவை பேசுவா, போட்டுக் கேப்பா, "ஐயோ நல்லால்ல மிஸ், இன்னொரு தடவை"ம்பா. திரும்பப் பேசுவா, எங்க நிறுத்தணும், எந்த வார்த்தை முழுங்கிட்டோம்னு அவளே கண்டுபிடிப்பா. நாம பத்து தடவை ரிபீட் ஆஃப்டர் மீ சொன்னாலும் பண்ணாத பயிற்சியை அவளே கேட்டு வாங்கிப் பண்ணுவா, ஏன்னா கேக்கப்போறது மார்க் போடுற நாம இல்ல. நேரடி கால்ல இந்த வசதி கிடையாது, அங்க ஒரு தடவைதான், தடுமாறினா எல்லாரும் பார்ப்பாங்க. கூச்சப்படுற பிள்ளைங்களுக்கு நேரடி காலைவிட பதிவு பண்ணி அனுப்புறதுதான் பெரிய கதவைத் திறக்குது.

இன்னொண்ணும் நீங்க சந்திக்கத்தான் போறீங்க. தமிழ்ல சொல்லி போன்ல மொழிபெயர்த்துக்கிட்டோ, ஏஐகிட்ட கேட்டு வாங்கிக்கிட்டோ பளபளன்னு ஒரு பக்கம் கொண்டு வருவாங்க. திட்டாதீங்க, ஆனா அனுப்பவும் அனுப்பாதீங்க. அந்த மாதிரி எழுத்துல அந்தப் பிள்ளையோட தெருவும் வீடும் இருக்காது, படிச்சுட்டு எதிர்ப்பக்கம் கேக்குறதுக்கும் ஒண்ணும் இருக்காது, கேள்வி வரலைன்னா ப்ராஜெக்ட்டே படுத்துடும். நான் சொல்ற ஒழுங்கு இதுதான், முதல் டிராஃப்ட் கிளாஸ்ல கையால, தெரியாத வார்த்தையைத் தமிழ்லயே எழுதி அடிக்கோடு போட்டுக்கலாம். அப்புறம் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட, அப்புறம் டிக்ஷனரி, போன் கடைசியில, அதுவும் ஒத்தை வார்த்தைக்கு மட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களும் ரொம்பத் திருத்தாதீங்க டீச்சர். அர்த்தம் மாறுற தப்பை மட்டும் சரி பண்ணுங்க. "புரியல, என்ன சொல்ல வர்றே?"ன்னு அங்கேருந்து வந்தா அந்தப் பிள்ளை அந்த வரியை வாழ்க்கைக்கும் மறக்காது.

சிலபஸ் பயம் நியாயமானதுதான், ஆனா இதைச் சிலபஸுக்கு மேல கூடுதலா வைக்காதீங்க, அதுக்குப் பதிலா வைங்க. லெட்டர் ரைட்டிங், பேராகிராஃப், டயலாக், ப்ராசஸ் எழுதுறது எல்லாம் எப்படியும் நடத்தத்தான் போறீங்க, கற்பனை நண்பனுக்கு எழுதுற லெட்டரை நிஜ ஆளுக்கு எழுத வைங்க, அதையே எஃப்.ஏ.ங்கிற வளரறி மதிப்பீட்டுக்கான ஆக்டிவிட்டியாவும் எடுத்துக்கலாம். வாரத்துக்கு ஒரு பீரியட், ஆறேழு வாரம், அவ்வளவுதான். காலாண்டு விடுமுறை முடிஞ்சு அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சா அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாடி முடிச்சிடலாம், நடுவுல மழை லீவு வரும்னு ஒரு வாரம் கூடுதலா வச்சுக்குங்க. ஜப்பான்ல கல்வியாண்டு ஏப்ரல்ல தொடங்குது, தைவான்ல செப்டம்பர்ல, அவங்க பரீட்சை எப்போன்னும் கேட்டுக்குங்க. ஒரே சமயத்துல ரெண்டு நாடு, மூணு நாடுன்னு இழுத்துப் போட்டுக்காதீங்க.

பாதுகாப்பு விஷயத்துல மட்டும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீங்க. எல்லாம் டீச்சர் மெயில்ல இருந்து டீச்சர் மெயிலுக்குத்தான். பிள்ளையோட முதல் பேர் மட்டும், ஊர்ப்பேர் வேணாம், போன் நம்பரோ இன்ஸ்டா ஐடியோ கூடவே கூடாது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோட தனியா பேசுற ஏற்பாடு வேணவே வேணாம். நம்ம நாட்டு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்துல பதினெட்டு வயசுக்குக் கீழ எல்லாரும் குழந்தைதான், அவங்க தகவலைக் கையாள பெத்தவங்க ஒப்புதல் வேணும்னு இருக்கு. அதனால தமிழ்ல, எளிமையா, அரைப் பக்கத்துல ஒரு ஒப்புதல் கடிதம் தயார் பண்ணி, பிள்ளையோட குரலும் படமும் எங்க போகும், எவ்வளவு நாள் இருக்கும்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. எச்.எம். அனுமதியையும் எழுத்துலயே வாங்கி வச்சுக்குங்க. ஒப்புதல் கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் குழுவுல வேலை இருக்கணும், குரலும் முகமும் இல்லாம எழுத்து, வரைபடம்னு எவ்வளவோ இருக்கு.

அப்புறம் மனசுல பட்டதைச் சொல்லிடறேன். சில வெளிநாட்டு ஸ்கூல்கள் நல்ல மனசோட "உங்க பிள்ளைங்களுக்கு பென்சில், பழைய புக் அனுப்பட்டுமா"ன்னு கேப்பாங்க. மரியாதையா வேணாம்னு சொல்லிடுங்க. ஒரு தடவை அந்தப் பக்கம் கொடுக்கிற இடமும் நம்ம பக்கம் வாங்குற இடமும் ஆயிட்டா, அப்புறம் நம்ம பிள்ளை எழுதுறதெல்லாம் நன்றிக் கடிதமாத்தான் இருக்கும். சரிசமமா நின்னு "நீ ஏன் மதியம் சாப்பிட்டதும் டெஸ்க்ல தலை வச்சுத் தூங்குறே?"ன்னு ஒரு தைவான் பிள்ளையைக் கேக்குற நிலைமையில நம்ம பிள்ளை இருக்கணும், அங்க மதியத் தூக்கம் நிஜமாவே ஸ்கூல் வழக்கம். தலைப்பையும் அதுக்கேத்த மாதிரி எடுங்க. சாப்பாடு, ஸ்கூலுக்கு வர்ற வழி, மழை, விளையாட்டு, இதுல எல்லாம் ரெண்டு பக்கமும் சொல்றதுக்குச் சமமா இருக்கு.

நீங்க கேக்கல, இருந்தாலும் உங்க ஸ்கூல் தமிழ் ஐயாகிட்டயும் இதைப் பேசுங்க. மலேசியாவுல அரசும் அரசு உதவி பெறுறதுமா தமிழ்ப் பள்ளிகளே ஐநூறுக்கு மேல இருக்கு, சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, ஸ்கூல்ல பாடம். ரெண்டும் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடிதான். மலேசியத் தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோட முடியுது, அதனால உங்க ஆறாவதுக்குப் பொருத்தமா இருக்கும். அங்க தமிழ் படிக்கிற பிள்ளைக்கு வீட்டுக்கு வெளிய தமிழ்ல எழுத ஒரு ஆள் கிடைக்கும், நம்ம பிள்ளைக்கும் பரீட்சைக்கு இல்லாம தமிழ்ல எழுத ஒரு காரணம் கிடைக்கும்.

இந்த வாரமே பண்ண வேண்டியது ஒண்ணுதான், பார்ட்னர் டீச்சருக்கு ஒரு மெயில். அந்த ஜெர்மன் டீச்சருக்கே முதல்ல எழுதுங்க, அவங்களால முடியலைன்னா இருக்கட்டும்னு ஐஎர்ன் வழியா ஒரு ஜப்பான் இல்லன்னா தைவான் டீச்சரையும் தேட ஆரம்பிங்க. என்ன வகுப்பு, எத்தனை பிள்ளைங்க, வாரத்துக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்க முடியும், கடைசியில சேர்ந்து முடிக்கப்போற அந்த ஒரு பொருள் என்ன, எந்தத் தேதியில முடியும், அவங்க ஸ்கூல்ல எந்த ஆப் திறக்கும், இவ்வளவுதான் அதுல இருக்கணும். பத்து நாள்ல பதில் வரலைன்னா ஒரு தடவை நினைவூட்டுங்க, அப்பவும் வரலைன்னா மனசு விடாம அடுத்த ஆளுக்கு எழுதுங்க. பதில் வர்ற வரைக்கும் கிளாஸ்ல சத்துணவைப் பத்தின அந்த மூணு வரியை எழுதச் சொல்லி எடுத்து வச்சுக்குங்க, பிள்ளைங்க எழுத்துல முதல்ல போகப்போறது அதுதான்.